அக்காவின் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் உங்களை உட்கார வைத்துப் பேசியவள்தானே, இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பெரியக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்து இங்கே போட்டிருந்தேன். எட்டு ஃபோல்டர்கள். ஒன்றுகூட வழக்கமான மஞ்சள் உறையாக இல்லை. ஒன்று பனைமரம், ஒன்று சைக்கிள், ஒன்று அரிக்கேன் விளக்கு, ஒன்று நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. "டீச்சர், ஒண்ணாம் வகுப்புச் சுவரை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். "சர்ச் பண்ணா ஒரு நொடியில வந்துடும், இதெல்லாம் வெட்டி வேலை டீச்சர்" என்று ஒருத்தி. சிரிக்கிற பொம்மைகள் இருபது முப்பது. எனக்குக் கோபமில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. அந்த எட்டுப் படங்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. உங்களில் பலர் வீட்டிலும் அது நடந்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாமலே.

அக்காவுக்கு 74 வயது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அடுத்தடுத்துப் பிறந்த எங்களைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அவள் நின்றதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், ஆசிரியர் பயிற்சி முடித்தேன், உங்களுக்கெல்லாம் டீச்சர் ஆனேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இங்கிலீஷ் கிடையாது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, அப்படியும் திரையில் இருக்கிற சின்ன எழுத்து அவளுக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான்.

கம்ப்யூட்டர் அத்தானுடையது. அவர் இருந்தவரை நிலப் பத்திரம், கரண்ட் பில் ரசீது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பென்சன் காகிதம் என்று எதையும் விடாமல் ஸ்கேன் செய்து அதில் போட்டு வைத்தார். அவர் காலமான பிறகு, "இனி இதைத் தொட யார் இருக்கா, வித்திரலாம்" என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அவுக சேத்து வச்சது. நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

எப்படிப் பார்ப்பாள்? திறந்தால் திரை முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் உறைகள். அடியில் பொடி எழுத்து. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மூடி, அடுத்ததைத் திறந்து... ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டி, "இதைப் பார்த்தா உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டேன். கரண்ட் பில்லுக்கு நானாக இருந்தால் குண்டு பல்பு போட்டிருப்பேன். அவள் அரிக்கேன் விளக்கு என்றாள். "கரண்டு போனா எதைத் தேடுதோம்? அதத்தானே" என்றாள். பென்சன் காகிதத்துக்கு அத்தானின் சைக்கிள். அதில்தான் அவர் கருவூலத்துக்குப் போய் வருவார். நிலப் பத்திரத்துக்கு வயலின் தெற்கு எல்லையில் நிற்கிற பனை. பேரன் படங்களுக்கு அவன் தள்ளிப் பழகிய நடைவண்டி. பாட்டுக்கு வால்வு ரேடியோ. கல்யாணப் படங்களுக்கு வாழைமரம். அத்தான் எழுதி வைத்த வரவு செலவுக் கணக்குக்கு அவருடைய மூக்குக்கண்ணாடி. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்கு நான் ஊசி, மாத்திரை, சிவப்புக் கூட்டல் குறி என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, "அந்த நீலச் சேர் போடு. அதுலதான மணிக்கணக்கா ஒக்காந்து கெடக்கேன்" என்றாள். அடுத்த முறை அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த நாற்காலியைப் படம் எடுத்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் யாரையும் கூப்பிடவில்லை. மாத்திரை சீட்டு வேண்டுமென்றால் நாற்காலி. பாட்டு கேட்க ரேடியோ. அவ்வளவுதான்.

பொங்கலுக்கு உறவில் ஒரு பையன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் படித்தவன், நல்ல பையன். பெயர் வேண்டாம். பெரியம்மாவுக்கு உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்து, திரையைச் 'சுத்தம்' செய்துவிட்டான். எல்லா ஃபோல்டரையும் ஒரு பெரிய ஃபோல்டருக்குள் தள்ளி, உள்ளே நான்கு அடுக்கு வைத்து, இங்கிலீஷில் பெயர் போட்டு, வருடவாரியாகப் பிரித்துவிட்டான். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'டெஸ்க்டாப் ஐ.என்.ஐ' என்று ஒரு மறைந்திருக்கும் கோப்பு கண்ணில் பட, குப்பை என்று நினைத்து அழித்தும் விட்டான். அந்தக் கோப்பில்தான் எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும். அது போனதும் பனையும் போயிற்று, சைக்கிளும் போயிற்று. எல்லாம் மறுபடி மஞ்சள் உறை. ஒரு ஆபீஸ் மேலாளர் பார்த்தால் அவனைப் பாராட்டுவார். அவ்வளவு ஒழுங்கு.

பொங்கல் முடிந்து சில நாளில் பென்சன் விஷயமாக ஒரு நகல் தேவைப்பட்டது. அக்கா ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க, பாங்க் புத்தகம், நிலப் பத்திரம், அவளுடைய ரத்தப் பரிசோதனை, எல்லாம் அவர் கண் முன்னே வந்து போயிருக்கின்றன. அவர் நல்லவர்தான். ஆனாலும் அவை அவர் பார்க்க வேண்டியவை இல்லையே. அன்று ராத்திரி அக்கா போனில், "ஏட்டி, எம் வீட்டுலயே நான் விருந்தாளி ஆயிட்டேன்" என்றாள். அதன் பிறகு இரண்டு மாதம் கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்திக் கிடந்தது.

இப்போது சொல்லுங்கள், வெட்டி வேலையா?

அந்த மஞ்சள் உறை எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அது அமெரிக்க ஆபீஸ்களில் இருந்த தடித்தாள் உறை. மணிலா ஃபோல்டர் என்பார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் வாழை இனத்தைச் சேர்ந்த அபாகா என்ற செடியின் நாரில் முதலில் செய்ததால், அந்த நாட்டுத் தலைநகரின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1981ல் ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' என்று ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. விலை 16 ஆயிரம் டாலருக்கு மேல். ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்காகச் செய்தது. அவர்களுடைய மேஜை மேல் என்னென்ன இருந்ததோ, காகிதம், உறை, தபால் கூடை, அதையெல்லாம் சின்னப் படமாகத் திரையில் வைத்தார்கள். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், கண்ணால் பார்த்த பொருளைத் தொட்டால் போதும் என்பதுதான் அதன் அழகு. பிறகு 1984ல் மெக்கின்டாஷ் வந்தபோது சூசன் கேர் என்ற ஓவியர் கட்டம் போட்ட நோட்டில் 32க்கு 32 கட்டத்துக்குள் படங்களை வரைந்தார். மொத்தம் 1024 புள்ளி, கறுப்பு வெள்ளை. அதற்குள் ஒரு குப்பைத்தொட்டி, ஒரு சிரிக்கும் கம்ப்யூட்டர். நம் வீட்டு வாசல் புள்ளிக் கோலம்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, அந்தப் படம் ஒரு அமெரிக்க ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பழகிய பொருள். அவருக்கு அது சரி. நம் தாலுகா ஆபீஸில் காகிதத்தைக் கட்டாக வைத்து நாடா போட்டுக் கட்டியிருப்பார்கள். நம் வீடுகளில் பத்திரம் ட்ரங்குப் பெட்டியில் இருக்கும், ரேஷன் கார்டு சாமி படத்துக்குப் பின்னால், கரண்ட் அட்டை ஆணியில். அவசரத்துக்கு எடுத்த கடன் சீட்டு அரிசிப் பானைக்குள்! இருட்டில்கூட அம்மா கை நீட்டி எடுத்துவிடுவாள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, அதனால் குழப்பமும் இருக்காது. அப்படிப் பழகியவளின் முன்னால் எட்டு ஒரே மாதிரி உறைகளை வைத்து, அடியில் இருப்பதைப் படித்துக் கண்டுபிடி என்றால் எப்படி?

ஒண்ணாம் வகுப்புச் சுவர் என்று சொன்ன என் மாணவனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, நீ கேலியாகச் சொன்னாய், நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். செயல்வழிக் கற்றல் வந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அதற்கு முன்பே என் கையை விட்டுப் போய்விட்டாய். ஆந்திராவில் ரிஷிவேலியில் செய்து பார்த்த முறையை 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். வகுப்பில் பெஞ்சு கிடையாது, பாய்தான். சுவரின் அடிப்பகுதியில் குழந்தை கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. சுவரில் கற்றல் ஏணி. ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம். படிக்கவே தெரியாத ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுந்து போய், தன் அடுத்த படியின் சின்னத்தைப் பார்த்து, அலமாரியில் அதே சின்னம் ஒட்டிய தட்டைத் தேடி, தன் அட்டையைத் தானே எடுத்து வந்து உட்காரும். என்னைக் கேட்காது. அந்த முறையில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. அட்டைகள் கிழிந்தால் மாற்று கிடைக்க நாளாகும். பதிவேடு எழுதியே கை ஓய்ந்துவிடும். ஆனால் ஆறு வயசுப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் எழுந்து நடந்து தனக்கு வேண்டியதை எடுத்து வந்ததே, அதைப் பார்த்தவள் நான்.

படம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் யாரும் சொல்ல முடியாது. 1951-52ல் நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு சின்னம். அதை வைத்துத்தான் இந்த நாட்டை நடத்த யார் என்று நம் தாத்தா பாட்டி முடிவு செய்தார்கள். இன்று டாக்டர் பட்டம் வாங்கியவரும் வாக்குச்சாவடிக்குள் போய்ச் சின்னத்தைத்தான் தேடுகிறார். மெக்ஸிகோ நகரத்தில் 1969ல் மெட்ரோ ரயில் விட்டபோது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் கொடுத்தார்கள். சாபுல்டெபெக் நிலையத்துக்கு ஒரு வெட்டுக்கிளி. அந்தப் பெயருக்கு அவர்கள் பழைய மொழியில் வெட்டுக்கிளிக் குன்று என்று அர்த்தமாம். வெளியூர்க்காரனுக்கு வெட்டுக்கிளிக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உள்ளூர்க்காரனுக்குத் தெரியும்.

அக்காவின் நீல நாற்காலியும் அப்படித்தான். அது அவளுக்குத் தெரிந்தால் போதும். வேறு யாருக்கும் தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. பத்திரம் எங்கே என்று தேடி வருகிற அந்நியனுக்குப் பனைமரம் எதையும் காட்டிக்கொடுக்காது.

சரி, சர்ச் பண்ணினால் வந்துவிடும் என்ற மகளுக்கு. நீ சொல்வது உனக்குச் சரி. தேடுவதற்குப் பெயர் தெரிய வேண்டும், அந்தப் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் தட்டத் தெரிய வேண்டும், வருகிற இருபது முடிவுகளைப் படித்து எது நம்முடையது என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஸ்கேன் செய்த காகிதத்துக்கு மெஷின் தானாக வைத்த பெயர் வெறும் எண்ணாக இருக்கும், அதை எப்படித் தேட? அக்காவுக்கு இது மூன்று மலை. படத்துக்கு முகம் தெரிந்தால் போதும்.

எப்படிச் செய்வது என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்காக. விண்டோஸில் ஃபோல்டரின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். அதில் 'கஸ்டமைஸ்' என்ற பகுதி, அதன் அடியில் 'சேஞ்ச் ஐகான்'. அங்கேயே கொஞ்சம் படங்கள் இருக்கும், நமக்கு ஆகாது. 'ப்ரௌஸ்' கொடுத்து நம் படத்தைக் காட்ட வேண்டும். போனில் எடுத்த போட்டோவை அப்படியே அது ஏற்காது. 'ஐ.சி.ஓ' என்று முடிகிற ஐகான் கோப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் போட்டோவைச் சதுரமாக வெட்டி, சின்னதாக்கி, அந்த வகையில் ஏற்றுமதி செய்யலாம். நான் 256க்கு 256 அளவில் வைக்கிறேன். ஐகான் மாற்றித் தருகிறேன், தீம் போட்டுத் தருகிறேன் என்று வருகிற கண்ட கண்ட புரோகிராமை எல்லாம் நிறுவாதீர்கள். ஒரு படம் மாற்றப் போய் ஒன்பது விளம்பரம் வரும்.

அந்த ஐகான் கோப்பை அழித்தால் படமும் போய்விடும். ஆகவே அதை நிலையான ஒரு இடத்தில் வையுங்கள், டவுன்லோடு ஃபோல்டரில் விட்டுவிடாதீர்கள். மெக்கின்டாஷ் வைத்திருப்பவர்களுக்கு இது 1991லிருந்தே சுலபம். படத்தை நகல் எடுத்து, ஃபோல்டரின் 'கெட் இன்ஃபோ'வில் மேல் மூலையில் இருக்கும் சின்ன ஐகானைத் தொட்டு ஒட்ட வேண்டியதுதான். 2025ல் வந்த புதிய பதிப்பில் ஃபோல்டருக்கு நிறமும் பொம்மையும் நேரடியாகவே வைக்க முடிகிறது. முப்பது வருடமாக இருந்த வசதிக்கு இப்போதுதான் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

படம் எடுக்கும்போது ஒரு பொருள் மட்டும், பின்னணி வெறுமையாக. குடும்பப் படத்தைச் சுருக்கினால் எல்லோரும் கடுகாகிவிடுவார்கள். எங்கள் பனைமரத்தையே மூன்று முறை எடுத்தோம், வானம் மட்டும் பின்னால் தெரிகிற மாதிரி. நிறங்களும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கட்டும், கண் மங்கியவர்களுக்கு உருவத்துக்கு முன்னால் நிறம்தான் தெரியும். ஃபோல்டர்களை டெஸ்க்டாப்பில் வைத்தால், காலி இடத்தில் வலது பொத்தானை அழுத்தி 'வியூ'வில் 'ஆட்டோ அரேஞ்ச்' என்பதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவாக வரிசைப்படுத்தி, நேற்று வலது மூலையில் இருந்த சைக்கிள் இன்று இடது பக்கம் போய் நிற்கும். கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு மௌஸ் சக்கரத்தை உருட்டினால் படங்கள் பெரிதாகும்.

பத்துக்கு மேல் போகாதீர்கள். ஒருவர் எல்லா ஃபோல்டருக்கும், ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபோல்டருக்கும் படம் வைத்து எனக்கு அனுப்பியிருந்தார். திருவிழாக் கடை மாதிரி இருந்தது. அடியில் பெயரையும் தமிழில் எழுதுங்கள். ஏனென்றால் ஃபோல்டரைப் போனுக்கு மாற்றினால் இந்தப் படம் கூட வராது. பெயர் மட்டும்தான் வரும்.

என் குறை ஐகானைப் பற்றியது இல்லை. வெளியூரிலிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றியது. பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். அம்மாவின் அடுப்படியில் போய் டப்பாக்களை எல்லாம் ஒரே அளவு கண்ணாடி ஜாடியாக மாற்றி, இங்கிலீஷில் லேபிள் ஒட்டிவிட்டு ஊருக்குப் போன ஒரு மருமகளை எனக்குத் தெரியும். அந்த மாமியார் மூன்று நாள் சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டார். அதை ஊரே பேசிச் சிரித்தது. கம்ப்யூட்டரில் அதே காரியத்தைச் செய்தால் மட்டும் உதவி என்கிறோம். உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்குப் பாதை. அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இது எதுக்கும்மா?" அவர்கள் பதில் சொல்ல நேரமாகும். காத்திருங்கள். புதிதாகப் படம் வைக்கப் போகிறீர்கள் என்றாலும், உங்களுக்குப் பிடித்ததை வைக்காதீர்கள். அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அதையே வையுங்கள்.

போன மாதம் நான் போய் எட்டையும் மறுபடி வைத்துக் கொடுத்தேன். ஐகான் கோப்புகள் என் பென் டிரைவில் இருந்ததால் அரை மணி நேரத்தில் முடிந்தது. அத்தானின் மூக்குக்கண்ணாடி வந்ததும் அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரேடியோவைத் திறந்து பாட்டுப் போட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். உறவுக்காரப் பையனிடமும் பேசிவிட்டேன். அடுத்த லீவுக்கு வரும்போது அவனே அக்காவிடம் கேட்டு ஒன்பதாவது படம் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்போது எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற ஒரு பாட்டிக்குச் செய்து கொடுக்க வேண்டும். பேரனுக்கு முன்பு பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது, பால் கணக்கை அதில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். கணக்குக்குத் தன் எருமையைத்தான் போட வேண்டும் என்கிறார், வேறு எருமை வேண்டாமாம். நாளைக் காலை பால் கறக்கும் நேரத்தில் படம் எடுக்கப் போகிறேன். கறுப்பு எருமையை இருட்டுத் தொழுவத்தில் எப்படி எடுப்பது என்று போட்டோ பிடிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள்.